வலி நின்றது, தலையணை நனைந்தது

சளி பிடித்து நான்காம் நாள். மூக்கு இரண்டும் அடைத்து, இடது காது குடத்துக்குள் தலையை விட்டது போல் ஆகியிருந்தது. நான் பேசுவது எனக்கே உள்ளேயிருந்து கேட்டது. அடைப்பை எடுக்கிறேன் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பலங்கொண்ட மட்டும் ஊதினேன். 'டப்' என்று திறக்கும், இரண்டு நிமிடத்தில் மறுபடி அடைக்கும். எத்தனை தடவை ஊதினேன் என்று கணக்கே இல்லை.

நள்ளிரவில் வலி ஆரம்பித்தது. பல்வலியைப் பெரிதாகச் சொல்வார்கள், இதன் பக்கத்தில் அது நிற்காது. படுத்தால் கூடியது, உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தபடி எப்போதோ அயர்ந்துவிட்டேன். விழித்தபோது வலியே இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தால் தலையணை ஈரம். மஞ்சளாக, லேசாக ரத்தம் கலந்து. அந்தக் காதில் 'கொய்ங்' என்ற சத்தம் மட்டும்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "காது ஜவ்வு கிழிந்திருக்கிறது, அதனால்தான் வலி நின்றது" என்றார். மூக்கின் பின்புறத்திலிருந்து, ஜவ்வுக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. சளியில் அது வீங்கி மூடிக்கொண்டால் உள்ளே காற்று போகாது. இருக்கிற காற்றும் உறிஞ்சப்பட்டு ஜவ்வு உள்பக்கமாக இழுபடும். அந்த இடத்தில் நீர் கோத்து, கிருமி சேர்ந்து சீழானால் அதுவே ஜவ்வை வெளியே தள்ளும். ஜவ்வு 0.1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன். எவ்வளவு தாங்கும்? நான் ஊதியதைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மூக்கைச் சிந்துவதானால்கூட ஒரு துளையை மூடி மற்றதை மெதுவாக, அவ்வளவுதான்.

*

இதைப் படித்த ஒருவர்: எனக்கு இந்தக் காதுவலி வந்தது சளியோடு விமானத்தில் போனபோது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போது காதுக்குள் ஊசி வைத்துத் திருகியது போல். கிழியவில்லை, ஆனால் ஜவ்வின் பின்னால் ரத்தம் கட்டியிருந்தது. இரண்டு வாரம் அரைச் செவிடாகத் திரிந்தேன். அன்று இறங்கும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதுதான் இப்போதும் ஆத்திரம். விழித்திருந்தால் எச்சில் விழுங்கியாவது காதைத் திறந்துகொண்டிருப்பேன்.

*

இன்னொருவர்: என் மகளுக்கு மூன்று வயதில் இதே கதை. ராத்திரி முழுக்க அழுதவள் காலையில் விளையாட ஆரம்பித்துவிட்டாள், காதோரம் சீழ் காய்ந்திருந்தது. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் அடிக்கடி வருமாம். உங்களுக்கு ஓட்டை மூடியதா? எவ்வளவு நாள் ஆனது?

*

முதலில் எழுதிய நான்: எனக்கு ஓட்டை மூட ஏழு வாரம். தானாகவே மூடிவிட்டது. பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் மூடிவிடும், மூடாவிட்டால்தான் அறுவை சிகிச்சை என்றார் மருத்துவர். அதுவரை காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு. வீட்டில் கிடந்த பழைய சொட்டு மருந்தை எடுத்தேன், நல்லவேளையாக விடவில்லை. ஓட்டை இருக்கும்போது சில மருந்துகள் உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுக்குமாம். தலைசுற்றல் வந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே வரச் சொன்னார். அதெல்லாம் வரவில்லை. கடைசியாகக் கேட்புச் சோதனை செய்தார்கள், இரண்டு காதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இப்போதும் சளி பிடித்தால் இடது காதுதான் முதலில் அடைக்கிறது.