ட்ரஸ்ட் ஆபீஸில் எல்லாருக்கும் இடம்: டைரக்டர் எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை:
வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு சின்ன ட்ரஸ்ட். பெண்கள் சுயஉதவிக் குழு, மாலை நேரப் படிப்பு மையம், இதுதான் எங்கள் வேலை. மொத்தம் 24 பேர். ஆரம்பித்த ஐயா வயதாகிவிட்டது என்று ஒதுங்கிக்கொள்கிறார். அடுத்த மாதம் டைரக்டர் பொறுப்பு என் தலையில்.

ரொம்ப நாளாக ஒன்று உறுத்துகிறது. ஊர் ஊராகப் போகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள், பாதிக்கு மேல் தலித் பெண்கள். ஆபீஸில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிறவர்களும் செக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களும் வேறு ஆட்கள். மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லை. ஆபீஸே முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. இப்போது நிதி தரும் டோனர் ஒருவர் 'டைவர்சிட்டி பாலிசி', அதாவது எல்லாத் தரப்பினருக்கும் இடம் தரும் கொள்கை, கேட்கிறார். நெட்டில் எடுத்து இரண்டு பக்கம் அடித்து அனுப்பினால் அவருக்குப் போதும். எனக்குப் போதாது. போர்டில் பேச்செடுத்தால் "முதலில் ஃபண்டு வரட்டும்" என்கிறார்கள். பொறுப்பில் இருப்பவரால் நிஜமாக என்ன செய்ய முடியும்?

கணக்குப்பிள்ளை:
சட்டத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். 10 பேர் இருந்தாலே 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், வெளியாள் ஒருவர். (வெளியாள் என்று டைரக்டரின் கூட்டாளியைப் போடுவது நம் துறையில் ஊரறிந்த வழக்கம்.) 20 பேரைத் தொட்டுவிட்டால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகள்படி சம வாய்ப்புக் கொள்கையை விவரமாக எழுதி, அதைப் பார்த்துக்கொள்ளத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். திருநர் சட்டம், 2019, அதற்கும் ஒரு புகார் அலுவலர்.

ஃபண்டு பற்றி: வெளிநாட்டுப் பணம் வாங்கினால் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பு 50 வரை விட்டார்கள். ரேம்ப், சைகைமொழிப் பெயர்ப்பாளர் எல்லாவற்றையும் நிர்வாகத் தலைப்பில் தள்ளினால் இடம் இருக்காது. எதைத் திட்டச் செலவாகக் காட்டலாம் என்று புரோபோசல் எழுதும்போதே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஓரத்துமேசை:
தோழர், நான் ஃபீல்டு ஸ்டாஃபாக வந்து இன்று கோ-ஆர்டினேட்டராக இருப்பவள். முன்பு வேலை பார்த்த ட்ரஸ்டின் பெயர் வேண்டாம். அங்கே திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங். ஆபீஸ்காரர்களுக்கு நாற்காலி, எங்களுக்குப் பாய். கீழே உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை, நாற்காலியே அவ்வளவுதான் வாங்கியிருந்தார்கள். பேச்சு முழுக்க இங்கிலீஷ். முடிவில் "ஓகேவா?" என்பார்கள், நாங்கள் "சரிங்க மேடம்" என்போம்.

புதிதாக வந்த டைரக்டர் முதலில் பாலிசி எதையும் தொடவில்லை. மீட்டிங் இனித் தமிழில்தான், ஆபீஸில் ஒரு வாரம், ஏதாவது ஒரு கிராமத்து மையத்தில் ஒரு வாரம் என்றார். அப்படி நடந்த முதல் கூட்டத்திலேயே ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "காலனிப் பொம்பளைங்க குழுவுக்கு வரலைன்னு டிராப் அவுட்னு எழுதுறீங்களே, குழுவை ஊர்த்தெரு மண்டபத்துல வச்சா அவங்க எப்படிம்மா வந்து உக்காருவாங்க?" வருஷக்கணக்கில் ரிப்போர்ட்டில் 'ஆர்வக் குறைவு' என்று போய்க்கொண்டிருந்த விஷயம் அது. கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், ஆட்கள் வந்தார்கள்.

அடுத்தது பணம். எல்லாரும் சமம் என்று சுவரில் ஒட்டியிருக்கும். ஃபீல்டு ஆட்களுக்கு மட்டும் சம்பளம் இல்லை, 'மதிப்பூதியம்', வவுச்சரில் கையெழுத்து, பிஎஃப் கிடையாது. பஸ் காசு நம் கையிலிருந்து போட்டு மாசக் கடைசியில் பில் வைக்க வேண்டும். டைரக்டர் இரண்டையும் மாற்றினார்: மாசம் பிறந்ததும் அட்வான்ஸ், எல்லாரும் ஒரே சம்பளப் பட்டியலில். போர்டில் ஒருவர் கோபித்துக்கொண்டு மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. வராதது நல்லதாகவே போயிற்று.

வேலை விளம்பரத்தையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு எதற்கு டூவீலர் லைசென்ஸ்? அந்த ஒரு வரியே பல மாற்றுத்திறனாளிகளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். இன்டர்வியூ எடுப்பவர்களில் ஃபீல்டு ஆள் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

வேலைக்கு எடுத்ததோடு முடியாது. 2017-ல் கொச்சி மெட்ரோ திருநங்கைகளை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. தங்க வீடு கிடைக்காமல் அவர்களில் சிலர் சீக்கிரமே நின்றுவிட்டார்கள். எங்களிடம் ஒரு திருநங்கை சேர்ந்தபோது டைரக்டரே கூடப்போய் வீட்டுக்காரரிடம் பேசி, வாடகை ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். ஆபீஸில் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

குற்றாலச்சாரல்:
சக்கர நாற்காலியில் இருப்பவன். மாடியை விட்டு இறங்குங்கள், வாடகை கூடினாலும் பரவாயில்லை. கீழ்த்தளத்திலும் ரேம்ப் என்று சறுக்குமரம் கட்டிவிடாதீர்கள்: ஓர் அடி உயரத்துக்குப் 12 அடி நீளம் வேண்டும். கழிவறைக் கதவின் அகலத்தை முதலில் அளந்து பாருங்கள், எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான்.

போர்டிலும் ஆள் வேண்டும். எங்கள் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவரோடு சேர்ந்து நடத்தும் சங்கரராமன் தசைச்சிதைவு உள்ளவர், ஆடிட்டர் படிப்பு படித்தவர். அங்கே ரேம்ப் வேண்டுமா என்று விவாதம் நடந்திருக்குமா, சொல்லுங்கள்?

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. எங்கள் ஆட்களுக்கும் மதிப்பூதியம்தான். எல்லாருக்கும் ஒரே சம்பளப் பட்டியல் என்பதை போர்டுக்குக் கொண்டுபோகிறேன். கணக்குப்பிள்ளை சார், அந்தப் புகார் அலுவலராக நானே இருந்துகொள்ளலாமா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். உங்கள் மேலேயே புகார் என்றால் யாரிடம் கொடுப்பார்கள்? ஃபீல்டில் சீனியரான ஒருவரைப் போடுங்கள். ஆர்டர் காப்பியைத் தமிழில் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், ஃபைலில் மட்டும் வைக்காதீர்கள்.