புதுப்பிப்பு: முழங்கால் அறுவைக்குப் பிறகு பத்தாவது மாதம்

ஒத்திகையில் குதித்து இறங்கும்போது வலது முழங்கால் திரும்பி, ஏ.சி.எல். என்கிற மூட்டு ஜவ்வு அறுந்துவிட்டது, இனி பரதம் ஆட முடியுமா என்று போன வருஷம் இங்கே கேட்டிருந்தேன். தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்த தசைநாரை வைத்து அறுவை சிகிச்சை முடிந்து பத்து மாதம் ஆகிறது.

முதல் சில வாரம்தான் கொடுமை. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழே அழுத்தச் சொல்வார்கள். அவ்வளவுதான் பயிற்சி. தொடை ஒத்துழைக்கவே இல்லை. இருபது வருஷம் அடவு, அதாவது பரதத்தின் அடிப்படை அசைவுகள், போட்ட தொடை அது, தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. அழுதேன்.

அப்போது பலர் பரதக் கலைஞர் சுதா சந்திரனைப் பற்றிச் சொன்னீர்கள். 1981-ல் திருச்சி அருகே விபத்து, காயம் அழுகி வலது காலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் காலோடு மறுபடி மேடை ஏறினார். உணர்வே இல்லாத ரப்பர் பாதத்தால் எப்படித் தட்டினார் என்பதை, பாதத்தைத் தரையில் தட்டும் ஒரு தட்டடவுக்கே திணறிய பிறகுதான் உண்மையில் யோசித்தேன்.

இப்போது சுவரில் முதுகைச் சாய்த்து அரைமண்டி, அதாவது முழங்காலை மடித்துப் பாதி அளவு, உட்கார்கிறேன். முழுதாக மடித்து உட்காரும் முழுமண்டியும் குதிப்பதும் இன்னும் கூடாது. சரி, இருக்கட்டும். உட்கார்ந்தபடியே பதங்கள் என்கிற பாடல்களுக்கு அபிநயம் (முகபாவம், கைமுத்திரை) பழகுகிறேன், இத்தனை நாள் அவசரமாகக் கடந்துபோன பகுதி அது. மாலையில் சின்னப் பிள்ளைகள் ஆடத் தட்டுக்கழியால் தாளம் தட்டுகிறேன். நேற்று ஒரு குழந்தை, "அக்கா, நீங்க எப்போ சலங்கை கட்டுவீங்க?" என்று கேட்டது. பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.