வந்த நாட்டிலேயே புதியன படைக்க: வெளிநாட்டு நிறுவனங்கள் விஷயத்தில் அரசு என்ன செய்யலாம்?

கேள்வி

தொழிற்கொள்கை பற்றிய ஒரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்நிய நேரடி முதலீட்டை ஈர்ப்பது எப்படி என்பதற்கு எத்தனையோ பதில்கள் கிடைக்கின்றன. ஆனால் வந்து இறங்கிய நிறுவனம் வெறும் உற்பத்திக் கூடமாக நின்றுவிடாமல், புதிய பொருளையோ புதிய செய்முறையையோ அந்த நாட்டிலேயே உருவாக்கும்படி செய்வது எப்படி என்று தேடினால் தெளிவான விடை கிடைப்பதில்லை. வரிச்சலுகை கொடுத்தால் ஆராய்ச்சிப் பிரிவும் பின்னாலேயே வந்துவிடும் என்கிறார்கள் ஒரு சாரார். தொழில்நுட்பத்தைப் பகிர்ந்தே தீர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கச் சொல்கிறார்கள் மறு சாரார். வெனிசுவேலாவின் தொழிற்சாலைகளைப் பற்றி 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, வெளிநாட்டு முதலீடு பெருகிய துறைகளில் உள்நாட்டு நிறுவனங்களின் உற்பத்தித்திறன் குறைந்ததாகக் காட்டியது. அதைப் படித்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. இத்தகைய நிறுவனங்களுக்குள் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கி யாராவது விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

முதல் பதில்

நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குவதுதான் சரி. வெளிநாட்டு நிறுவனம் என்று ஒருமையில் பேசுகிறோமே தவிர, உள்ளே இருப்பது ஒரு தாய் நிறுவனமும், பல நாடுகளில் பரவிய அதன் கிளைகளும், அந்தக் கிளைகளுக்கிடையே ஓயாமல் நடக்கும் போட்டியும்தான். அடுத்த பொருளை வடிவமைக்கும் பொறுப்பு எந்தக் கிளைக்கு என்று தலைமையகம் முடிவு செய்யும் நாளில், ஒவ்வொரு கிளை மேலாளரும் தம் தரப்பை எடுத்துச் சொல்லப் போய் நிற்கிறார். தலைமையகத்தின் மனத்தை எந்த அரசாலும் நேரடியாக மாற்ற முடியாது. அந்த மேலாளர் எதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார் என்பதை மாற்ற முடியும்.

அயர்லாந்து இதை மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டது. 1950-களிலிருந்து ஏற்றுமதி லாபத்துக்கு வரிவிலக்கு அளித்தே நிறுவனங்களை வரவழைத்த அந்த நாடு, 2003-இல் பொதுவான நிறுவன வரியை 12.5 விழுக்காடாக நிலைநிறுத்தியது. குறைந்த வரி லாபத்தைக் கணக்கில் காட்டுவதற்கு ஊக்கமளித்ததே அன்றி, ஆராய்ச்சி செய்வதற்கென்று தனியாக எந்தக் காரணத்தையும் தரவில்லை. அதனால்தான் 2004-இல், முன்பைவிடக் கூடுதலாகச் செய்த ஆராய்ச்சிச் செலவில் 20 விழுக்காட்டை வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 2009-இல் அது 25 விழுக்காடாக உயர்ந்தது; அதைவிட முக்கியமாக, கழிக்கப் போதுமான வரி இல்லாவிட்டால் மீதித் தொகையை மூன்று ஆண்டுகளில் ரொக்கமாகவே திருப்பித் தரவும் அரசு ஒப்புக்கொண்டது. இந்த இரண்டாவது மாற்றத்தின் அருமை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. வரி குறைந்தால் அதன் பலன் தலைமையகத்தின் நிதிப் பிரிவுக்குப் போய்ச் சேர்கிறது; ரொக்கமாகத் திரும்பி வரும் தொகையையோ ஆராய்ச்சிச் செலவைக் குறைக்கும் வரவாகவே எழுதிக்கொள்ளலாம் என்பதால், "எங்கள் இடத்தில் ஒரு பொறியாளரின் ஓராண்டுச் செலவு இவ்வளவு குறைகிறது" என்று கிளை மேலாளர் எண்ணோடு பேச முடிகிறது.

பணம் மட்டும் போதாது, ஆட்கள் வேண்டும். 1989-இல் மலேசியாவின் பினாங்கில் தொடங்கிய திறன் மேம்பாட்டு மையத்துக்கு மாநில அரசு இடம் கொடுத்தது. என்ன கற்றுத் தர வேண்டும் என்பதை அங்கிருந்த வெளிநாட்டு நிறுவனங்களே கூடித் தீர்மானித்தன. சிங்கப்பூர் 1986-இல் தொடங்கிய திட்டத்தில், பன்னாட்டு நிறுவனத்தின் அனுபவமிக்க பொறியாளர் ஒருவர் உள்ளூர் சப்ளையர்களைத் தேற்றிவிடும் காலத்துக்கு அவருடைய சம்பளத்தை அரசே ஏற்றது. நீங்கள் குறிப்பிட்ட வெனிசுவேலா ஆய்வோடு, லிதுவேனியா பற்றி 2004-இல் வந்த ஆய்வையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே துறையில் போட்டியிடும் நிறுவனங்களுக்குப் பலன் தென்படாத இடத்திலும், வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பொருள் வழங்கும் துறைகளில் உற்பத்தித்திறன் உயர்ந்தது என்பதை அது காட்டியது. நல்ல சப்ளையர் பக்கத்திலேயே இருந்தால் மாதிரிப் பொருளை ஒரு வாரத்தில் செய்து பார்க்கலாம் என்பதும் மேலாளரின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இரண்டாம் பதில்

மேலே எழுதிய ஐயா சொன்னதை உள்ளே இருந்து பார்த்தவள் நான். ஒரு வெளிநாட்டு மின்னணு நிறுவனத்தின் கிளையில் பதினோரு ஆண்டுகள் சோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரு நேரத்தில் ஒரு சர்க்யூட் போர்டை மட்டுமே சோதிக்கும் இயந்திரத்தில் இரண்டை வைத்துச் சோதிப்பதற்கான அமைப்பை நாங்கள் மூவர் சேர்ந்து வரைந்தோம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் கைவைக்க முடியாது. மூலையில் உறை போட்டு வைத்திருந்த பழைய இயந்திரம் ஒன்றைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் முயன்று பார்க்க நினைத்தோம். அது ஏற்றுமதி உற்பத்திக்கென்று தீர்வையில்லாமல் இறக்குமதியானது என்பதால், சுங்க அனுமதியின்றி வளாகத்தைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது என்றார்கள். "ஆராய்ச்சிக்காக" என்று குறிக்க விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அனுமதி கைக்கு வர ஏழு மாதமாயிற்று. அதற்குள் தலைமையகம் அந்த வேலையை வேறொரு நாட்டுக் கிளைக்குக் கொடுத்துவிட்டது. அந்த வரைபடத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

சலுகைகளை அறிவிப்பதற்கு முன், உற்பத்தியை மட்டுமே மனத்தில் கொண்டு எழுதிய இத்தகைய விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா சொன்ன சுங்க விதி போன்ற ஒன்றை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. கட்டாயப்படுத்துவது முற்றிலும் பயனற்றதுதானா? உலகளாவிய குறைந்தபட்ச வரி வந்த பிறகு வரிச்சலுகைக்கு இடம் இருக்கிறதா?

மூன்றாம் பதில்

கட்டாயத்தால் சில காரியங்கள் நடக்கும், சில நடக்கா. ஷாங்காயில் 1985-இல் ஃபோக்ஸ்வாகன் கூட்டு நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய சான்டானா காருக்கு உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அதிகாரிகள் விடாமல் வற்புறுத்தியதால், உதிரிபாகத் தொழில் அங்கே வேரூன்றியது. அது உண்மையான ஆதாயம். ஆனால் அதே கார் சிற்சில மாற்றங்களோடு 2012 வரை அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. கூட்டாளியோடு பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால், பகிர்ந்தாலும் நஷ்டமில்லாத பழைய நுட்பத்தையே கொண்டுவருவது நிறுவனங்களின் இயல்பு. மேலும், உள்நாட்டு உதிரிபாகக் கட்டாயம் 1995 முதல் உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கு முரணானது.

ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டிய குழுமங்களுக்கு 15 விழுக்காட்டுக் குறைந்தபட்ச வரி 2024 முதல் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. சில ஆண்டுகளுக்கு வரியே வாங்காமல் விடும் வரி விடுமுறை இனி அத்தகைய நிறுவனங்களுக்குப் பெரிதாக உதவாது. இங்கே விட்டுக்கொடுத்த வரியை வேறொரு நாடு வசூலித்துக்கொள்ளக் கூடும். ஆனால் நான்கு ஆண்டுகளுக்குள் ரொக்கமாகத் திருப்பித் தரப்படும் வரிக் கழிவை அந்த விதிகள் வரிக் குறைப்பாகக் கொள்ளாமல் வருமானமாகவே கருதுவதால், அதன் பலன் பெரும்பாலும் நிறுவனத்திடமே தங்குகிறது. அயர்லாந்து 2024-இல் தன் கழிவை 30 விழுக்காடாக உயர்த்தியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோஸ்டாரிகாவில் 1990-களின் பிற்பகுதியில் தொழிற்சாலை அமைத்த இன்டெல், 2014-இல் அங்கிருந்த சிப் பொருத்தும் பிரிவை ஆசியாவுக்கு மாற்றியபோது சுமார் 1,500 வேலைகள் போயின. பொறியியல், வடிவமைப்புப் பிரிவுகள் மட்டும் அங்கேயே தொடர்ந்தன. கட்டுரைக்காகக் கிளை மேலாளர்களைச் சந்திப்பீர்களானால், என்ன சலுகை பெற்றீர்கள் என்று கேட்பதற்கு முன், கடந்த ஆண்டு தலைமையகத்திடம் கேட்டும் கிடைக்காமல் போன பொறுப்பு எது, அது எந்த நாட்டுக்குப் போனது, என்ன காரணம் சொன்னார்கள் என்று கேளுங்கள்.