50% பெராக்சைடு கேனில் 56% எப்படி வரும்?

நொய்யல்கரை:
வணக்கங்க. திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை. பிளீச்சிங்குக்கு வைத்திருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கேனில் 50% என்று போட்டிருக்கிறது. கேன் வெயிலில் கிடந்ததால் ஸ்ட்ரெங்த் இறங்கியிருக்கும் என்று மாஸ்டர் பார்க்கச் சொன்னார். 5 மி.லி. எடுத்து 500 மி.லி. ஃபிளாஸ்கில் குறி வரை தண்ணீர் நிரப்பி, அதிலிருந்து 10 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 0.1 நார்மல் (கரைசலின் வலுவைக் குறிக்கும் அளவு) பெர்மாங்கனேட்டில் டைட்ரேட் செய்தால், அதாவது நிறம் நிற்கும் வரை ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால், 33 மி.லி. ஆகிறது. திரும்பச் செய்தாலும் அதேதான். 1 மி.லி. பெர்மாங்கனேட்டுக்கு 1.7 மி.கி. பெராக்சைடு, ஆக 10 மி.லி.யில் 56.1 மி.கி., நூறு மடங்கு நீர்த்திருக்கிறோம், அப்படியானால் கேனில் லிட்டருக்கு 561 கிராம், அதாவது 56.1%. இறங்க வேண்டியது ஏறி நிற்கிறதே, எங்கே இடிக்கிறது? நாளைக்கு 200 கிலோ துணி, 1200 லிட்டர் பாத் (துணியை ஊறவைக்கும் கரைசல்). ரெசிபியில் 50% பெராக்சைடு லிட்டருக்கு 8 கிராம். எவ்வளவு போடட்டும்?

பவானிக்காரன்:
தம்பி, முதலில் பெர்மாங்கனேட்டைச் சந்தேகப்படுங்கள். அது வைக்க வைக்க வலு குறையும், பாட்டில் அடியில் பழுப்பாகப் படிந்திருந்தால் கட்டாயம் குறைந்திருக்கும். வலு குறைந்தால் ப்யூரெட்டில் அதிகமாக இறங்கும், பெராக்சைடு கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். 6.7 கிராம் சோடியம் ஆக்சலேட்டை ஒரு லிட்டருக்குக் கரைத்தால் 0.1 நார்மல். அமிலம் சேர்த்து 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி அதோடு சரிபாருங்கள்.

நொய்யல்கரை:
பார்த்துவிட்டேன் அண்ணா, 10 மி.லி.க்கு 10 மி.லி. சரியாக நிற்கிறது.

பெருந்துறை லேப்:
அப்படியென்றால் டைட்ரேஷனும் சரி, நூறு மடங்கும் சரி. கடைசி வரியில்தான் சிக்கல். லிட்டருக்கு 561 கிராம் என்பது உண்மை. ஆனால் கேனில் எழுதியிருக்கும் 50% எடைக்கு எடை, 100 கிராம் திரவத்தில் 50 கிராம் பெராக்சைடு. இந்தத் திரவம் ஒரு லிட்டர் ஒரு கிலோ இல்லைங்க, ஏறக்குறைய 1180 கிராம் இருக்கும். 561ஐ 1180ஆல் வகுத்தால் 47.5%. மாஸ்டர் சொன்னதுதான் சரி, இறங்கித்தான் இருக்கிறது. உண்மையிலேயே 50% ஆக இருந்தால் அடர்த்தி 1.195 அளவில் வரும், லிட்டருக்கு 598 கிராம், உங்கள் அளவுகளுக்கு ப்யூரெட்டில் 35.2 மி.லி. ஆகியிருக்க வேண்டும். நீங்கள் 33இல் நிற்கிறீர்கள்.

சி1வி1 = சி2வி2 (நீர்ப்பதற்கு முன்னும் பின்னும் செறிவு × கொள்ளளவு சமம்) என்று எல்லோரும் மனப்பாடமாகப் போடுகிறோம். இரண்டு பக்கமும் கொள்ளளவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருந்தால்தான் அது பொருந்தும். எடை சதவீதத்தை அப்படியே அதில் போட்டால், கெட்டியான அமிலம், காஸ்டிக் லை எதற்கும் இதே குழப்பம் வரும்.

அடர்த்தியைத் தேட வேண்டாம் என்றால் பிப்பெட்டில் எடுத்த 5 மி.லி.யைத் தராசில் ஒரு முறை நிறுத்துக்கொள்ளுங்கள். 5.9 கிராம் வரும். 500 மி.லி. என்பது 10 மி.லி.யைப்போல் 50 மடங்கு, ஆக ஃபிளாஸ்க் முழுவதிலும் 56.1 × 50 = 2805 மி.கி. பெராக்சைடு, அதை 5900ஆல் வகுத்தால் அதே 47.5%. நான் எப்போதும் நிறுத்துத்தான் எடுப்பேன். கையுறை போடாமல் தொடாதீர்கள், மிச்சத்தைக் கேனில் திரும்ப ஊற்றாதீர்கள்.

பவானிக்காரன்:
இது சரி. அப்புறம் மெஷினுக்கு எவ்வளவு என்று கேட்டாரே. 1200 லிட்டருக்கு 8 கிராம் வீதம் 9.6 கிலோ, 50% சரக்காக இருந்தால். அதில் சுத்த பெராக்சைடு 4.8 கிலோ. இப்போதைய சரக்கு 47.5% என்பதால் தராசில் 10.1 கிலோ.

பெருந்துறை லேப்:
ஆமாங்க, ஜக்கில் அளந்தால் 8.56 லிட்டர், 4800ஐ 561ஆல் வகுத்தது. உங்கள் 56.1ஐ வைத்துக் கணக்குப் போட்டாலும் 8.56 என்றுதான் வரும், அதை லிட்டராக ஊற்றினால் சரியாகவே இருக்கும், கிலோவாக நிறுத்தால் 15% குறைந்துவிடும். வெளிர் நிறத் துணி என்றால் வெண்மை போதாமல் சாயம் மங்கலாகப் பிடிக்கும். பட்டறையில் தராசா ஜக்கா என்று மாஸ்டரிடம் கேட்டு லேப் புத்தகத்தில் எண்ணுக்குப் பக்கத்திலேயே கிலோ, லிட்டர் என்று எழுதி வைத்துவிடுங்கள்.