இச்சையடக்கம்: நாங்கள் கடந்து வந்த வழி

யாங்கோனிலிருந்து ஒரு சகோதரர்:

ஸ்தோத்திரம். எனக்கு இச்சையடக்கப் பாடம் வெற்றிலையில்தான் வந்தது. பதினேழு வயதில் பழகியது, இருபத்திரண்டு வருஷம் ஓடியது. இங்கே கூன்யா கடை, அதாவது வெற்றிலைக்கடை, இல்லாத தெருமுனை அபூர்வம். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கு, காசுக்கட்டி, புகையிலை வைத்து மடித்துக் கொடுப்பார்கள். எனக்கு நாளைக்குப் பதினைந்து மடிப்பு. ஞாயிறு ஆராதனையில் கடைசிப் பாட்டு தொடங்கும்போதே வெளியே நழுவிவிடுவேன். எத்தனையோ வருஷம் ஆசீர்வாத ஜெபத்தைக் கேட்டதே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

முதலில் புகையிலையை மட்டும் விட்டுவிட்டு, இனி கெடுதல் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வெளியிட்டிருக்கிறது.

என்னை அசைத்தவர் எதிர்வீட்டுப் பர்மியப் பெரியவர். பௌத்தர். வாசோ பௌர்ணமி முதல் தடிஞ்சுட் பௌர்ணமி வரை, பௌத்தர்களின் தவக்காலமான மூன்று மாதம், மதுவைத் தொடமாட்டார். ஒரு சாயங்காலம், "உங்களுக்கும் நாற்பது நாள் உபவாச காலம் உண்டே, நீங்கள் எதை விடுவீர்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வாய் நிறைய எச்சில். சாக்கடையோரம் போய்த் துப்பிவிட்டு வந்துதான் என்னால் பேச முடிந்தது. வந்த பிறகும் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்றிரவே வைராக்கியமாக விட்டேன். நாலாம் நாள் உடைந்தது. மறுபடி விட்டேன், பதினோராம் நாள் உடைந்தது. போதகர் ஐயாவிடம் போய் அழுதேன். "போத்திபாரின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு நின்று வாதாடினானா தம்பி? வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்" என்றார். அதுவரை ஓடுவது பலவீனம் என்று நினைத்திருந்தேன். வெற்றிலைக்கடை முனையைத் தவிர்த்து, பத்து நிமிஷம் சுற்றி நடந்து வேலைக்குப் போக ஆரம்பித்தேன். சட்டைப்பையில் கிராம்பு. மனைவியிடமும் கடைப் பையனிடமும் சொல்லி வைத்தேன். போன தண்ணீர்த் திருவிழாவில் நண்பர்களோடு ஒரு தடவை விழுந்தேன். அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இல்லை.

கலாத்தியர் ஐந்தில் இச்சையடக்கம் ஆவியின் கனியாகத்தான் வருகிறது. அதை என் சொந்தப் பலமென்று நினைத்து நான் பல வருஷம் வீணாக்கினேன்.

பகோவிலிருந்து ஒரு தம்பி:

எனக்கு 2டி. தாய்லாந்துப் பங்குச் சந்தை எண்களை வைத்து ஆடுகிறார்களே, அதே சூதுதான். ஏஜெண்டின் நம்பரை போனிலிருந்து அழித்தேன். சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கிறேன். ஆறு மாதம் ஆகிறது. இன்னும் மத்தியான வேளையில் கை போனைத் தேடுகிறது. ஜெபியுங்கள்.

மோல்மீனிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணே, உங்கள் சாட்சிக்காக ஸ்தோத்திரம். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் தெருவைச் சுற்றிப் போனீர்கள். என் சோதனை என் வீட்டுக்குள் இருக்கிறது. எனக்குக் கோபம். அத்தை ஒரு சொல் சொன்னால் நான் பத்துச் சொல் திருப்புவேன். பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்குவார்கள். அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் சிறையெல்லாம் அனுபவித்து, 1834-ல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தது எங்கள் ஊரில்தான். அதைப் பெருமையாகச் சொல்லுகிற எனக்கு ஒரு வாக்கியம் வரை பொறுக்கத் தெரியவில்லை. "தன் ஆவியை அடக்காத மனுஷன் மதிலிடிந்த பாழான பட்டணம்" என்று நீதிமொழிகளில் வாசித்தபோது என் வீட்டையே பார்த்தேன்.

இப்போது செய்வது இதுதான்: கோபம் ஏறினால் சமையலறைக்குப் போய் அரிசி களைவேன். மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. சில நாள் மூன்றாம் தண்ணீருக்குப் பிறகும் கத்தியிருக்கிறேன்.

யாங்கோன் சகோதரர்:

சகோதரி, நீங்கள் கேட்டது நியாயம். வெற்றிலைக்கடையை விட்டு விலகலாம், மாமியாரை விட்டு விலக முடியாது. உங்களுடையதுதான் கடினமான போராட்டம். அத்தைக்கு இது தெரியுமா?

மோல்மீன் சகோதரி:

நான் சொல்லவில்லை அண்ணே. ஆனால் நேற்று பேச்சு தடித்தபோது, அத்தையே எழுந்து போய் அரிசிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.