எழுதியது ஒன்று, வாயில் வந்தது வேறு

எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவே நீங்கள் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்; அடுத்து வருவது மற்ற மூவர் சொன்னது.

தமிழைப் புதிதாகக் கற்கும் நண்பர் ஒருவருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன். பக்கம், தங்கம், பகல் என்று எழுதிப் படித்துக் காட்டினேன். "மூன்றிலும் ஒரே க தானே, ஏன் மூன்று விதமாகச் சொல்கிறீர்கள்?" என்றார். ஒரே மாதிரிதான் சொல்கிறேன் என்று நானும் சாதித்தேன். அப்புறம் தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். 'பக்கம்' என்னும்போது நடுவில் அதிர்வு ஒரு கணம் நின்றது. 'தங்கம்' என்றால் நிற்கவே இல்லை. 'பகல்' சொல்லும்போதோ, நாக்கு மேலே முழுசாக ஒட்டாமல் காற்றைக் கசியவிட்டது. இரட்டித்தால் வன்மை, மெல்லினத்தை அடுத்து வந்தால் மென்மை, இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக வந்தால் உரசல். இத்தனை வருடமாக என் வாய்க்குத் தெரிந்திருந்த விதி எனக்குத் தெரியவில்லை! அந்த மூன்று ஒலியையும் இங்கே எழுதிக் காட்டலாம் என்றால், அதற்கும் அதே ஒரு க தான் இருக்கிறது.

*

நான் மாட்டியது உகரத்தில். 'நடு', 'நாடு' இரண்டையும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். முதலாவதில் உதடு குவியும், இரண்டாவதில் குவியாது. டு என்னவோ அதே டு. இப்படிக் குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனால் ஒரு மாணவர் 'வீடு', 'காடு' என்று ஒவ்வொன்றுக்கும் உதட்டைக் குவித்துக் குவித்துச் சொன்னபோதுதான் விஷயம் உறைத்தது.

*

ஓலைச்சுவடி படிக்கப் பழகிய காலத்தில் நடந்தது. பழைய ஏடுகளில் எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். (18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்து பிரித்தார் என்பார்கள்.) ஒரு செய்யுளில் 'எரி' என்று படித்து, ஊரே தீப்பற்றியதாக அரைப் பக்கம் பொருள் எழுதிவிட்டேன். அடுத்த அடியில் மீன் துள்ளியது. ஏரி!

*

எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளில் ஒரு நாட்டிய விமர்சனத்தை ஓடவிட்டேன். "அவர் காட்டிய பாவம் அருமை" என்ற வரியை, 'ஐயோ பாவம்' என்பதில் வரும் பாவமாகவே வாசித்தது. முகத்தில் காட்டும் உணர்ச்சியைக் குறிக்கும் பாவத்துக்கு ப மென்மையாக ஒலிக்க வேண்டும். திருத்தலாம் என்று போனால் எழுத்துப்பிழையே இல்லை. கடைசியில் 'முகபாவம்' என்று சேர்த்து எழுதினேன். ப உயிர்களுக்கு நடுவே விழுந்ததும் மென்மையாக்கிச் சரியாக வாசித்துவிட்டது.