பீக் ஃப்ளோ மீட்டரை மாற்றியதும் எண் இறங்கிவிட்டது

அம்மாவுக்கு ஆஸ்துமா. மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் மாலையும் ஊதி எண்ணைக் குறித்து வைக்கிறோம். பழைய மீட்டரில் எண்கள் அழிந்து மங்கிவிட்டதால் போன மாதம் புதிது வாங்கினோம், வேறு கம்பெனி. சிக்கல் அங்கேதான். பழையதில் காலை 380, மாலை 410 வரும். புதியதில் 320, 350தான்.

இருமல், இழுப்பு எதுவும் கூடவில்லை. ராத்திரி நன்றாகவே தூங்குகிறார். ஆனால் அவருடைய உச்ச அளவு, அதாவது நன்றாக இருக்கும்போது வந்த அதிகபட்ச எண், பழைய மீட்டர்படி 430. அதில் 80 சதவீதம் 344. அதற்குக் கீழே போனால் கவனமாக இருக்க வேண்டிய மஞ்சள் மண்டலம்; புதியதில் தினமும் காலையில் அதுதான். பார்த்ததும் அவருக்குப் பதற்றம், அதுவே பாதி மூச்சுத்திணறல்!

நின்றபடி, உதட்டை இறுக்கி, இன்ஹேலருக்கு முன்பே மூன்று முறை ஊதிப் பெரிய எண்ணைத்தான் எடுக்கிறோம். இரண்டிலும் அடுத்தடுத்து ஊதியாயிற்று. நான் ஊதினாலும் புதியதில் குறைவுதான். பழையதில் ரைட் அளவுகோல், புதியதில் ஈயூ (ஐரோப்பிய) அளவுகோல் என்று போட்டிருக்கிறது. டாக்டர் ஊரில் இல்லை, அடுத்த வாரம்தான் வருவார்.

இப்படி மீட்டர் மாற்றியவர்கள் பழைய உச்ச அளவை ஈயூ அளவுக்கு மாற்றிக்கொண்டீர்களா, இல்லை இரண்டு வாரம் புதியதில் ஊதிப் புது உச்ச அளவு வைத்தீர்களா?